ஆறச் சொன்னார் என்று நினைத்தேன்

போன ஓணத்துக்கு முந்தின வாரம் நடந்தது இது. பாறசாலையில் இருபத்தைந்து வருடமாக டிவி, ரேடியோ பழுது பார்க்கிறேன். வெளிநாட்டுப் பெட்டி என்றால் என்னை விட்டால் ஆளில்லை என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அதியன்னூரிலிருந்து ஒரு அக்கா கூப்பிட்டார். அமெரிக்காவில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய், ஒன்றிரண்டு சொல்தான் வாயில் வரும். அமெரிக்காவில் அந்தக் கணவர் இளவயதில் ஆசையாக வாங்கிய, கீபோர்டுக்குள்ளேயே எல்லாம் அடங்கி, டிவியில் மாட்டி ஓட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்று பரணில் கிடந்தது.

"அதைக் கண்டா அவருக்கு ஒரு உசிரு வரும் மக்கா. ஓட வச்சுத் தந்தா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அமெரிக்கக் கரண்ட் நூற்றுப் பத்து வோல்ட் என்று எனக்குத் தெரியாதா? அதற்கான டிரான்ஸ்ஃபார்மரோடு போனேன். பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய டிவிதான் ஒத்துவரும் என்று கடையிலிருந்த பிக்சர் டியூப் டிவியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். அவர்கள் வீட்டுச் சுவரில் புது டிவி தொங்கியது. அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுவிட்சைப் போட்டேன். படம் கறுப்பு வெள்ளையில் வந்து, நிற்காமல் மேலே ஓடிக்கொண்டே இருந்தது. எந்தத் திருகைத் திருகியும் நிற்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த சார், "ஆறு... ஆறு" என்றார். சூடாகிவிட்டது, ஆறட்டும் என்கிறார் போலும் என்று அணைத்து, அரை மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் வைத்தேன். மறுபடி போட்டால் அதே ஓட்டம்.

"உள்ள போர்டு போயாச்சு அக்கா. இனி பழைய சாமானுக்குப் போட வேண்டியதாக்கும்" என்றேன். அவர் முகம் வாடிப்போனது.

சார் இடது கையால் நாற்காலியை ஓங்கித் தட்டினார். என் டிவியைக் காட்டி ஐந்து விரலை விரித்தார். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, "ஆறு" என்றார். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நம் ஊர் டிவி நொடிக்கு ஐம்பது தடவை படத்தை வாங்கும். அமெரிக்காவுக்கென்று செய்த கம்ப்யூட்டரோ அறுபது தடவை அனுப்பும். நிறம் அனுப்பும் முறையும் வேறு. எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் வளைகுடாதான். அங்கிருந்து வருவதெல்லாம் நம்முடையதோடு ஒத்துப்போகும். அந்த நினைப்பில் கோட்டை விட்டிருந்தேன்.

வயரைப் பிடுங்கிச் சுவர் டிவியில் மாட்டினேன். அது இரண்டு வகையையும் வாங்கும். நீலத் திரை அசையாமல் நின்றது. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

கம்ப்யூட்டரை சாரின் மடியில் வைத்தோம். ஒற்றை விரலால் ஒவ்வொரு ஆங்கில எழுத்தாகத் தேடி, வெகுநேரம் எடுத்து, ஒரு சொல்லை அடித்தார். சாயா. எங்கள் பக்கத்தில் டீக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டர் அதைப் பிழை என்றது. அக்கா வாசித்துவிட்டு அழுதுகொண்டே சிரித்தார்.

"எட்டு மாசமா காப்பியாக்கும் மக்கா நான் இவருக்குக் குடுத்துட்டு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்கு ஓடினார்.

ஒருவர் சொல்வது எனக்கு விளங்கவில்லை என்றால், குறை அவரிடம் என்று முடிவு கட்டுமுன் இப்போதெல்லாம் என் காதைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.