செல் என்ற சொல்

சென்ற வாரம் போர் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. அதற்கு மறுநாள், கடல் கடந்து வந்து நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட் வீட்டு பேஸ்மென்டில், நித்யா தன் தாயாருக்குத் தொலைபேசியில் மரபணுவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தாள்.

நித்யா என் அறைத்தோழி. சென்னைப் பெண், உயிர்வேதியியல் ஆய்வு மாணவி. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே இலக்கியம் படிப்பவள். இருவருக்கும் தாய்மொழி ஒன்று... என்றுதான் நினைத்திருந்தோம்.

“நேத்து பூரா செல் அமைதியா இருந்துச்சும்மா. காலைல பாத்தா திடீர்னு வெடிப்பு! அப்புறம் மறுபடியும் ஒண்ணுமே இல்ல.”

சலவைக் கூடையோடு படியிறங்கி வந்துகொண்டிருந்த வீட்டுக்கார அன்ரி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய தம்பி போர் நடந்த வன்னியில் இருந்தவர். சித்திரைக்குப் பிறகு அவரிடமிருந்து ‘கோல்’ இல்லை; தொலைபேசி அழைப்பை அன்ரி அப்படித்தான் சொல்வார்.

“எங்க பிள்ளை செல் விழுந்தது? எந்தப் பக்கம்? ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“ஐயோ, இல்ல ஆன்ட்டி! இது உடம்புக்குள்ள இருக்கிற செல்.”

அன்ரி கூடையைக் கீழே வைத்தார்.

“ஆரின்ர உடம்புக்குள்ள?”

சென்னையில் செல் என்பது உயிரணு. சில வேளை கைபேசி. எங்கள் ஊரில் அது வானத்திலிருந்து விழும் எறிகணை. விழுந்த பின் அதன் துண்டுகள் மனித உடம்புக்குள் தங்கிவிடுவதும் உண்டு. ஆகவே நித்யாவின் விளக்கம் அன்ரிக்கு எல்லா வகையிலும் பொருந்திவிட்டது. தமிழ் எங்கும் ஒன்றே என்று மேடையில் முழங்குபவர்கள் ஒருமுறை எங்கள் பேஸ்மென்டுக்கு வரலாம்.

“அன்ரி, அவ சொல்லுறது கலம். பள்ளிக்கூடத்தில விஞ்ஞானத்தில படிச்சனீங்களெல்லே?”

“கலமே!” அன்ரி படியிலேயே உட்கார்ந்தார். “உதை முதலே சொல்லுறதுக்கென்ன? என்ர உயிர் போய் வந்திட்டுது.”

உட்கார்ந்தவர் எழவில்லை. “அப்ப கலத்துக்குள்ள என்ன வெடிக்குது?”

நித்யா பொறுமையாகச் சொன்னாள். மரபணு ஒரே சீராக வேலை செய்வதில்லை. சிறிது நேரம் தன் நகல்களை அடுக்கடுக்காக எடுத்துத் தள்ளும், பிறகு மௌனம், பிறகு மீண்டும் ஒரு வேகம். டி.என்.ஏ. சில புரதங்களின் மேல் இறுக்கமாகச் சுற்றிக் கிடக்கிறது. அந்தப் புரதத்தில் அசிட்டைல் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் பிடி தளரும். வேகங்கள் அடிக்கடி வரத் தொடங்கும். எப்படி, எந்த அளவுக்கு — அதுதான் அவளுடைய ஆய்வு.

அன்ரி யோசித்தார். “அப்ப... சத்தமில்லாமல் கிடக்கேக்கை, செத்துப்போச்செண்டு நினைக்கக் கூடாதோ?”

“கூடாது ஆன்ட்டி. அடுத்தது எப்ப வரும்னு மட்டும் சொல்ல முடியாது.”

நித்யா நேர்மையான பெண். கொஞ்சம் தயங்கி, “ஆனா இது ஜீனுக்கு மட்டும்தான்” என்று சேர்த்துக்கொண்டாள்.

“ஓம் பிள்ளை. நான் ஜீனைத்தான் கேட்டனான்.”

உவமைகளைக் கற்பதற்காகவே நான் பல்கலைக்கழகம் போகிறேன். அவற்றை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது பாடத்திட்டத்தில் இல்லை.

நித்யா இப்போது ‘கலம்’ என்றே சொல்கிறாள். “நெல் அளக்கிற கலமாடி?” என்று அவள் தாயார் கேட்கிறாராம்.

நேற்று மாலை மேலே தொலைபேசி மணி அடித்தது. அன்ரி ஓடும் காலடி எங்கள் தலைக்கு மேல் கேட்டது. நாங்களும் படியேறிப் போய் நின்றோம். வீட்டின் சூட்டுக் குழாய்களை மலிவு விலையில் சுத்தம் செய்து தருவதாக மறுமுனையில் யாரோ ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார். அன்ரி முழுவதையும் கேட்டார். பிறகு தமிழிலேயே, மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னார்:

“தம்பி, லைனை விடுங்கோ. எனக்கொரு கோல் வரக் கிடக்கு.”