ஃபுமியே வெட்டி எறிந்த வரிகள்

ஜப்பானின் சாக்காய்மினாதோ துறைமுகத்தில் மீன்வலை விற்கும் ஒரு கடையில் முப்பத்தொரு வருடமாகக் கடிதம் எழுதிவருபவர் ஃபுமியே குரோய்வா. வலையைக் குறை சொல்லும் படகுக்காரர்கள்கூட அவர் கடிதத்தைக் குறை சொன்னதில்லை. பருவத்துக்கேற்ற நலம் விசாரிப்பு, பிசிறில்லாத வரிகள், கீழே கையெழுத்துக்குப் பதிலாகப் பெயர் பொறித்த சிவப்பு முத்திரை. கடைக்கு மின்னஞ்சல் வந்த பிறகும் அந்தச் சுத்தம் போகவில்லை. ஒரு மடலை இன்னொருவருக்கு அனுப்பும்முன் அதில் தொங்கும் வேண்டாத வரிகளையெல்லாம் நறுக்கிவிட்டுத்தான் அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவர் பெயரில், ஓர் அக்டோபர் திங்கட்கிழமை, வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் வழுக்கைத் தைல விளம்பரம் போய்விட்டது. அவருக்கேகூட ஒன்று வந்திருந்தது, அவரே அனுப்பியதாக.

முதல் தொலைபேசி படகுக்காரர் ஓதோமோவிடமிருந்து. "என்ன ஃபுமியே-சான், வலையை விட்டுட்டு தைலத்துல இறங்கிட்டீங்களா? என் மண்டையை மனசுல வச்சுத்தானே அனுப்புனீங்க?"

முதலாளி கஜிதானிக்குச் சிரிப்பு வரவில்லை. "கண்ட மடலையும் நீங்க திறந்திருப்பீங்க, குரோய்வா-சான். வெள்ளிக்கிழமைக்குள்ள இது நிக்கலைன்னா கடிதமெல்லாம் வேற ஆள் பாத்துக்கட்டும்."

 வேலையில் வேறு எதை எடுத்துக்கொண்டாலும் ஃபுமியே கொடுத்திருப்பார், கடிதத்தைக் கொடுக்க மனமில்லை.

அன்றே கடைக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு அந்த மடலை ஃபார்வர்டு செய்தார். வழக்கம்போல மேல்வரிகளை நறுக்கி, 'இலைகள் சிவக்கும் இந்நாளில் தாங்கள் நலமென நம்புகிறேன்' என்று தொடங்கி. மடலை எந்த மாற்றமும் செய்யாமல் முழுமையாக அனுப்பவும் என்று பதில் வந்தது. மாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் மடலை அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி, ஃபாக்ஸில் அனுப்பிவைத்தார்.

புதன்கிழமை அந்தப் பிரிவிலிருந்து நிஷினோ என்ற பெண் கூப்பிட்டாள்.

"குரோய்வா-சான், உங்க ஃபாக்ஸ் ரொம்ப அழகு. இங்க எல்லாரும் வாங்கி வாங்கிப் பாத்தோம். ஆனா எங்களுக்கு வேணுங்கிறது அழுக்குதான்."

"அழுக்கா?"

"கவர் மேல தபால் முத்திரை விழுந்திருக்குமில்ல, எந்தெந்த ஊர் தாண்டி வந்துச்சுன்னு? அந்த மாதிரி வரிங்க மடலோட தலையிலயும் இருக்கு. ஹெட்டர்னு சொல்லுவோம். பெரும்பாலும் மறைஞ்சிருக்கும், சும்மா ஃபார்வர்டு பண்ணினா உதிர்ந்துடும். மடலை அப்படியே ஃபைலா சேமிச்சு, அட்டாச் பண்ணி அனுப்புங்க."

"நலம் விசாரிக்காமலா?"

"தாராளமா விசாரிங்க. மடலை மட்டும் தொடாதீங்க."

ஃபுமியே மடலைச் சேமித்து, அந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். புள்ளியும் எண்ணும் கோடுமாக நாற்பது வரி. வெட்ட விரல் துறுதுறுத்தது. கழுவாத பாத்திரத்தை அடுத்த வீட்டில் திருப்பிக் கொடுப்பதுபோல் கூசிக்கொண்டே, ஒன்றையும் தொடாமல் அனுப்பினார்.

வியாழன் காலை பதில் வந்தது. அனுப்பியவராகக் காட்டிய பெயர் போலி. மடல்கள் கிளம்பியது உங்கள் கடையில் வைரஸ் புகுந்த ஒரு கணினியிலிருந்து. வந்த வழியைக் காட்டும் வரிகளில் அடியில் இருப்பதுதான் கிளம்பிய இடம், அதில் அந்தக் கணினியின் பெயரும் இருக்கிறது: கஜிதானி.

ஃபுமியே அந்த வரியை மூன்று முறை படித்தார். உண்மையைச் சொன்னால், மூன்றாவது முறை வெறும் சந்தோஷத்துக்காக. பிறகு அதைக் கொண்டுபோய் முதலாளி முன் வைத்தார்.

"கால்ஃப் மட்டை பரிசுன்னு ஒண்ணு வந்துச்சு..." முதலாளியின் கழுத்து சிவந்தது. "சும்மா திறந்துதான் பாத்தேன்."

அன்றே கணினியைச் சுத்தம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வாடிக்கையாளர்களுக்குத் தாமே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டு ஃபுமியேவின் மேசைக்கு வந்தார். 'சில காரணங்களால் எங்களிடமிருந்து தவறான மடல்கள் வந்துவிட்டன.' நலம் விசாரிப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"நல்லா சுத்தமா எழுதியிருக்கீங்க முதலாளி. ஒரு வரிதான் வெட்டுப்பட்டுப் போச்சு."

"எது?"

"எங்கேர்ந்து கிளம்புச்சுங்கிற வரி. அதை வெட்டக் கூடாதுன்னு அவங்க ரொம்பக் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

 முதலாளி உட்கார்ந்து, 'கால்ஃப் மட்டைக்கு ஆசைப்பட்டு நான் திறந்த மடலால், என் கணினியிலிருந்து' என்று எழுதிச் சேர்த்து, முத்திரையும் குத்தினார்.

"அடுத்த கடிதத்துலேர்ந்து நீங்களே எழுதுங்க, குரோய்வா-சான்."

கடிதம் போய்ச் சேர்ந்த கையோடு தொலைபேசி அடித்தது. எடுத்தால் ஓதோமோ, பேசுவதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார் ஃபுமியே. ரிசீவரை முதலாளி பக்கம் நீட்டினார். "உங்களுக்குத்தான்."