நின்றபடி வைத்த மானிட்டர்

கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுக்கும் தொழிலுக்கு வயர் சொருகத் தெரிந்தால் போதும் என்றுதான் தொண்ணூறுகளில் நான் நினைத்திருந்தேன். மனிதனுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பது பிறகுதான் தெரிந்தது. பிடரியைத் தடவிக்கொண்டே இதை வாசிக்கிறவர்கள் மன்னிக்கவும். உங்களில் சிலருக்கு நானே மாட்டியிருப்பேன்.

கிழக்கு பார்த்த திரை

கல்லிடைக்குறிச்சியில் ஓர் அப்பளக் கம்பெனி. நான் இடம் பார்ப்பதற்குள் முதலாளி அண்ணாச்சி மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டார். திரை கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டுமாம். எதிரே பெரிய ஜன்னல். காலை வெயிலில் எழுத்துக்குப் பதிலாக அவருடைய விபூதிதான் கண்ணாடியில் தெரிந்தது. கொஞ்சம் திருப்பி வைக்கலாமே என்றேன். அவர் அசரவில்லை.

"பத்து மணி வரைக்கும் அது சூரிய நமஸ்காரம் பண்ணட்டும் வே. நாம பொறவு வேலையப் பாப்போம்."

வாசலுக்குத் தெரியணும்

பாளையங்கோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டி.டி.பி. கடை. தெருவில் போகிறவனுக்கும் திரை தெரிய வேண்டும் என்பது அந்தக் கடை அண்ணாச்சியின் ஆசை. மேசைமேல் சி.பி.யு.வைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு பலகைப் பெட்டியைக் கவிழ்த்து, உச்சியில் மானிட்டரை ஏற்றினேன். நின்று பார்த்தேன். கண்ணுக்கு நேராக, அம்சமாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து மவுஸ் கோளாறு என்று கூப்பிட்டார்கள். டைப் அடிக்கும் இசக்கியம்மாள் கழுத்தில் டாக்டர் கொடுத்த பட்டை போட்டிருந்தாள். "எப்பப் பாத்தாலும் கழுத்து வலிங்கிறா. திங்கக்கிழமை வேற ஆளு வருது" என்றார் அண்ணாச்சி. அவள் சம்பளத்தில்தான் வீடே நடந்தது.

மவுஸைப் பார்க்க அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதுவரை நான் மாட்டியதெல்லாம் நின்றபடிதான். ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. தலையைப் பின்னால் சாய்த்தால்தான் திரையே தெரிந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற இசக்கியம்மாள் பைய கேட்டாள்.

"இப்பம் தெரியுதா அண்ணே, நான் ஏன் வானத்தப் பாத்துக்கிட்டே அடிக்கேன்னு?"

தாய்மாமன் பெயர்

இறக்கிவிடலாம் என்றேன். வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியாதே என்று அண்ணாச்சி மறுத்துவிட்டார். அன்றைக்கு அவருடைய தங்கச்சி மகள் கல்யாணப் பத்திரிகை திரையில் தயாராக இருந்தது. "தாய்மாமன் பேரு சரியா வந்திருக்கான்னு நீங்களே உக்காந்து பாத்துருங்க அண்ணாச்சி" என்றேன்.

உட்கார்ந்தார். அவர் மூக்குக்கண்ணாடியில் வாசிக்கிற வில்லை கீழ்ப்பாதியில். அதன் வழியாக அவ்வளவு உயரத்தைப் பார்க்க, மோவாயை விட்டத்துக்குத் தூக்கவேண்டியிருந்தது. ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனாலும் பந்தலில் சண்டை வரும் என்பதால் ஒரு வரியையும் தாண்டாமல் வாசித்தார். அரை மணி நேரத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தவர், பெட்டியை எடுக்கச் சொன்னார். திங்கட்கிழமை வரவிருந்த ஆளுக்கு, வரவேண்டாம் என்று போன் போட்டார். சி.பி.யு.வையும் எடுத்துக் கீழே வைத்தேன். மானிட்டரின் மேல் விளிம்பு உட்காருகிறவர் கண்ணுக்கு நேரே வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த இசக்கியம்மாள், திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு மூணு மாசம் வலிச்சப்ப இறங்காத பெட்டி, ஒங்களுக்கு அரை மணி நேரம் வலிச்சதும் இறங்கிட்டுதே, அண்ணாச்சி."

அதற்குப் பிறகு மானிட்டர் உயரம் பார்க்க நான் டேப்பைத் தேடியதேயில்லை. முதலாளியை உட்காரவைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.