எம்டன்காரன் பாஷை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேல்மாடியில் ஜெர்மன் பாஷை சொல்லிக்கொடுக்கிறார்கள். நர்ஸ் படிப்பு முடித்த என் பேத்தி அங்கே போகிறாள். சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனால் மாடிப்படியில்தான் உட்கார வேண்டும். நாற்காலியெல்லாம் உள்ளே படிக்கிறவர்களுக்கு. கீழேயிருந்து மசாலா வாசனை வருகிறது. மேலேயிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிக்கிற சத்தம் வருகிறது. தெரிந்த வார்த்தை ஒன்றாவது காதில் விழுமா என்று போன வாரம் உட்கார்ந்து கேட்டேன். விழவில்லை. விழாது என்பது எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும். இருந்தும் கேட்டேன். முட்டி வலிக்காரக் கிழவனுக்குப் படிக்கட்டில் வேறென்ன வேலை?

சேர்ந்து ஒப்பிக்கிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் பிரம்புதான் ஞாபகம் வரும். ராயபுரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் அப்படித்தான் நடந்தது. வாத்தியார் ஒரு வரி கத்துவார். நாங்கள் திருப்பிக் கத்துவோம். அர்த்தம் கேட்டால் அடி. நடுவில் வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டால் பெஞ்சு மேல் ஏற வேண்டும். என் அப்பா திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவர். எங்கள் வீட்டுப் பேச்சு எப்படியோ தப்பித்தது. மாட்டிக்கொண்டவன் ஏகாம்பரம்.

அவன் காத்திவாக்கத்து மீன்பிடிக் குடும்பம். ராயபுரத்தில் மாமன் வீட்டில் தங்கிப் படித்தான். என் பக்கத்தில்தான் உட்காருவான். ஒரு நாள் ஏன் தாமதம் என்று வாத்தியார் கேட்டதற்கு, "மய பேஞ்சுகினு கீது சார்" என்றான். உண்மையும் அதுதான். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் அன்றிலிருந்து தினமும் காலையில் வருகைப் பதிவின்போது அவன் பெயர் வந்ததும் வாத்தியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "இன்னா ஏகாம்பரம், கீறியா?" என்பார். வகுப்பே உருண்டு சிரிக்கும். ஏகாம்பரம் முதலில் பேச்சைக் குறைத்தான். அப்புறம் வருவதை நிறுத்தினான்.

அந்த வாத்தியார் செத்துப்போய்விட்டார். செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறார்கள். நான் திட்டுவேன். ஒரு பிள்ளையின் வாயை மூடுவதற்குச் சம்பளம் வாங்கிய ஆள் அவர்.

எனக்கு இங்கிலீஷ் வந்தது. பிரம்புக்குப் பயந்து வந்த இங்கிலீஷ். இன்றைக்கும் எதிரே ஒரு வெள்ளைக்காரன் வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறேன். ஆனாலும் அந்த இங்கிலீஷ்தான் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கப்பல் பாய்லர் ரிப்பேர் பார்க்கும் பட்டறை ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். அங்கே உள்ளே சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது யார் என்று பார்த்தால் ஏகாம்பரம். தோள் இரண்டு மடங்காகியிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தானே தவிர வாயைத் திறக்கவில்லை. முதல் மாதம் முழுக்க அவனிடமிருந்து எனக்குக் கிடைத்தது தலையாட்டல்தான்.

அந்தப் பட்டறைக்குத்தான் எம்டன்காரன் வந்து சேர்ந்தான்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் உலகச் சண்டையின்போது எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் வந்து மெட்ராஸ் மேல் குண்டு போட்டுவிட்டுப் போனது. அதற்கப்புறம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் வெள்ளைக்காரனில் இரண்டே ஜாதி. இங்கிலீஷ் பேசினால் இங்கிலீஷ்காரன், பேசாவிட்டால் எம்டன்காரன். நார்வேக்காரன் வந்தாலும் எம்டன்காரன், கிரேக்கன் வந்தாலும் எம்டன்காரன். அவர்கள் எல்லோரும் ஜெர்மன் பாஷைதான் பேசுகிறார்கள் என்பதில் எங்களுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருந்ததில்லை. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த எனக்கும்தான்.

இவன் பெயர் யானிஸ். இரண்டாவது சண்டை முடிந்த கொஞ்ச நாளில் ஒரு ஓட்டைக் கப்பலில் வந்தான். கப்பலின் மேல் ஏதோ வழக்கு. அது துறைமுகத்திலேயே கிடந்து துருப்பிடித்தது. மற்ற மாலுமிகள் ஒவ்வொருவராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். இவனுக்கு மட்டும் போக இடமில்லை என்றார்கள். அது எப்படி ஒருவனுக்குப் போக இடமில்லாமல் போகும் என்று நாங்கள் கேட்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் அவ்வப்போது போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவான். எங்களை விட ஐந்தாறு வயதுதான் மூத்தவன். பாய்லர் வேலை தெரியும் என்பதால் முதலாளி பட்டறையிலேயே ஒரு மூலையில் தங்கவிட்டார். அவன் பக்கத்தில் போனால் எப்போதும் தார் வாசனை அடிக்கும். எந்த ஊர் என்று கேட்டதற்கு "லாட்வியா" என்றான். ஏகாம்பரத்துக்குக் காத்திவாக்கம் மாதிரி, ஜெர்மனியில் அது ஒரு ஊர் என்று எடுத்துக்கொண்டோம். ஒரு தேசமே தொலைந்துபோகும் என்பது யாருக்குத் தோன்றும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏகாம்பரம் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் போனான். நானும் போனேன். ஏகாம்பரத்தின் அண்ணன்கள் மணலில் உட்கார்ந்து வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யானிஸ் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டான். ஒருவன் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கினான். மூங்கில் சீவிச் செய்த சாதாரண வலை ஊசி. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்து விறுவிறுவென்று முடிச்சுப் போட ஆரம்பித்தான். அண்ணன்கள் போடுகிற அதே முடிச்சு. அவனும் கடற்கரைக்காரன்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏகாம்பரத்தின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா தொர, நீயும் நம்ம ஆளுதானா? அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? மீனு நடுக்கண்டமா பாத்து வெச்சிருப்பேன்" என்றாள். அவனுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனால் மீன் துண்டு புரிந்தது.

பாடம் அங்கேதான் ஆரம்பித்தது. யானிஸ் வலையைத் தூக்கிக் காட்டி ஒரு வார்த்தை சொன்னான். ஏகாம்பரம் திருப்பிச் சொன்னான். கடல், மீன், கயிறு, உப்பு. கையில் பட்டதற்கெல்லாம் ஒரு வார்த்தை. ஊசி ஏகாம்பரத்தின் விரலில் ஏறியது. யானிஸ் அவன் கையைப் பிடித்து, "குர் சாப்?" என்று கேட்டான். எங்கே வலிக்கிறது என்று அர்த்தம். ஏகாம்பரம் விரலைக் காட்டினான். அர்த்தத்தை யாரும் எழுதிப்போடவில்லை. ரத்தம் வந்த இடம்தான் அர்த்தம்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அதே கதை. ஏகாம்பரம் தப்பாகச் சொன்னால் யானிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். பதிலுக்கு யானிஸ், "இன்னா மாமு, கீறியா?" என்பான். அதற்கு அண்ணன்கள் சிரிப்பார்கள். வாத்தியார் சொன்ன அதே வார்த்தை! ஏகாம்பரம் அதற்கு, "கீறேன் மாமு, நல்லா கீறேன்" என்று பதில் சொன்னதை நான் கேட்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் பட்டறையில் எதிரெதிரே நின்று சுத்தியல் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசினார்கள், சண்டை போட்டார்கள், கதை சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் மூடிய வாய் ஏதோ ஒரு தூரதேசத்துப் பாஷையில் திறந்துகொண்டது. அதற்குப் பிறகுதான் ஏகாம்பரம் தமிழிலும் எங்களோடு தாராளமாகப் பேசினான்.

நல்ல படிப்பு எது என்று மேடை போட்டுப் பேசுகிறார்கள். நான் கண்டது இதுதான். தப்பாகச் சொன்னால் சிரிக்கலாம், ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். மற்றதெல்லாம் கட்டடமும் மணி அடிப்பதும்.

ஐம்பதுகளின் நடுவில் எண்ணூர்ப் பக்கம் புதிதாக ஒரு தொழிற்சாலை வந்தது. ஜெர்மன்காரர்கள் இயந்திரம் கொண்டுவந்தார்கள். நல்ல கைவேலைக்காரர்களை ஜெர்மனிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்களாம். பாஷை கொஞ்சம் தெரிந்தவனுக்கு முதல் இடமாம். பட்டறை முழுக்க ஏகாம்பரத்தைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. கொஞ்சமா தெரியும் இவனுக்கு? அவன் அம்மா ஒற்றியூர்க் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாள். ஏகாம்பரம் முதல் தடவையாக என்னிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினான். "போய்ட்டு வந்து அந்த வாத்தியாரு வூட்டாண்ட நின்னு ரெண்டு வார்த்த ஜெர்மன்ல பேசணும்டா. அவ்ளோதான் எனக்கு வேணும்" என்றான்.

யானிஸிடம் யோசனை கேட்டிருக்கலாம். அவன் அப்போது நெஞ்சு நோய் வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எல்லாம் முடிந்தபின் சொல்லி அவனை அசத்த வேண்டும் என்று ஏகாம்பரம் நினைத்தான்.

இங்கிலீஷுக்கு ஒரு துணை இருக்கட்டும் என்று முதலாளி என்னையும் அனுப்பினார். ஆள் எடுக்கிற அறையில் ஒரு ஜெர்மன் இன்ஜினியர், பக்கத்தில் டை கட்டிய தமிழ் அதிகாரி. ஏகாம்பரம் வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து நின்று பேச ஆரம்பித்தான். தடங்கல் இல்லாமல் பேசினான். தன் பெயர், ஊர், கடல், வலை, பாய்லர், எல்லாம் சொன்னான் என்று நினைக்கிறேன். அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "இது என்னய்யா பாஷை, பூனை கத்துற மாதிரி?" என்றார். ஜெர்மன்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. இது ஜெர்மன் இல்லை என்று மெதுவாக இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். இது லாட்வியாக்காரர்கள் பேசுவது, சண்டையில் நான் அங்கே சிப்பாயாக இருந்தேன், அந்த நாடு இப்போது இல்லை, ரஷ்யாக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதிகாரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்து நான் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டான். வெள்ளைச் சட்டையின் கையை மேலே சுருட்டினான். "ஆஸ்பத்திரில மணி அடிக்கிறதுக்குள்ள போணும், வா" என்றான்.

வார்டில் அவர்கள் இருவரும் வெகுநேரம் பேசினார்கள். யானிஸ் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ஆவலாக ஏதேதோ கேட்டான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. திரும்பி வரும்போது கேட்டேன்.

"உன் ஊரப் பாத்த ஆள ஒருத்தன இன்னிக்கு பாத்தேன்னு சொன்னேன். ஊர் எப்டி கீதுன்னு கேட்டான். நல்லா கீதாம்னு சொன்னேன்."

"அந்த ஆள் சண்டைக்குப் போனவன்டா."

"அத்தையா போய் சொல்லுவாங்க?"

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அடுத்த வருஷமும் ஆள் எடுப்பார்கள், இந்தச் செத்த பாஷையை விட்டுத் தொலை, மவுண்ட் ரோடு பக்கம் சாயங்காலத்தில் நிஜ ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறார்களாம், அங்கே போ என்று திட்டினேன்.

"சாயங்காலம் எனக்கு ஆஸ்பத்திரி கீதே."

"எதுக்குடா?"

"அந்தாளு வேற யாராண்ட பேசுவான்?"

மறுநாள் சாயங்காலம் நானும் அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கடைசி நாட்களில் ஜுரத்தில் யானிஸுக்குத் தெரிந்திருந்த கொஞ்ச இங்கிலீஷும் போனது, எங்கள் மெட்ராஸ் பேச்சும் போனது. சொந்தப் பாஷை மட்டும் நின்றது. நர்சம்மா பட்டறைக்கு ஆள் அனுப்புவார். ஏகாம்பரம் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடுவான். கட்டில் பக்கத்தில் குனிந்து "குர் சாப்?" என்று கேட்பான். யானிஸ் கையை எடுத்து இடத்தைக் காட்டுவான். ஏகாம்பரம் நர்சம்மாவுக்குச் சொல்வான். ஒரு மத்தியானம் யானிஸ் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். என்ன கேட்கிறார் என்றார் நர்சம்மா. தண்ணி கேட்கிறான் என்றான் ஏகாம்பரம். அவர் கொடுத்தார். வராந்தாவுக்கு வந்ததும் என்னிடம் சொன்னான்: "வூட்டுக்குப் போணும்ன்றான்டா."

அவனைப் புதைத்த இடத்தில் நாங்கள் நாலைந்து பேர்தான். பாதிரியார் போனபின் ஏகாம்பரம் மட்டும் குழிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தான். கேள்வி கேட்பது மாதிரி நிறுத்துவான், பதில் வந்தது மாதிரி தலையாட்டுவான், மறுபடி பேசுவான். அதுதான் கடைசி. அதற்கப்புறம் அவன் வாயில் அந்தப் பாஷையை நான் கேட்கவில்லை. அடுத்த வருஷத்து ஆள் எடுப்புக்கும் அவன் போகவில்லை. சுத்தியலோடு ரிட்டயராகி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். லாட்வியா என்கிற நாடு திரும்ப வந்துவிட்டது என்று பேப்பரில் பிற்பாடு ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். காட்டுவதற்கு ஆள் இல்லை.

பட்டறை இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். வலை பின்னிய மணலைக் கடல் தின்றுவிட்டது. அங்கே கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். வலையும் நைலான், ஊசியும் பிளாஸ்டிக்.

பேத்தி படியிறங்கி வந்தாள். இதுவரை என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். பெயர் சொல்லவும், விலாசம் சொல்லவும், சம்பளம் கேட்கவும் தெரியுமாம். எங்கே வலிக்கிறது என்று கேட்கத் தெரியுமா என்றேன்.

"அது அடுத்த லெவல்ல வரும் தாத்தா. இன்னா, முட்டி நோவுதா?"

ஆமாம் என்றேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எனக்கு அதை ஒரு பாஷையில் கேட்கத் தெரியும். கேட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் இப்போது யாரும் இல்லை.