நான்கு பேர் அறை

இணையதளங்களில் ஓட்டை தேடிச் சொல்வது என் வேலை. உரியவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் தேடுவேன். அப்படிக் கண்டுபிடித்த ஒன்று என் சித்தியின் பிழைப்பைப் பறித்தது.

சித்தி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தாள். சட்டப்படி அங்கே நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆலை புதிதாக ஓர் இணையதளம் வைத்திருந்தது. வேன் ஏறும் முன்பே அவரவர் செல்போனில் அறையைப் பதிய வேண்டும். நான்கு பெயர் சேர்ந்ததும் பதிவு மூடிக்கொள்ளும்.

ஒருநாள் சித்தி சொன்னாள். "இன்னைக்கு எங்க ரூம்ல அஞ்சு பேரு புள்ள. மருந்துத் தட்டைத் தாண்டித்தான் வெளிய வரணும்."

எனக்குச் சந்தேகம் தட்டியது. தளத்தைச் சோதித்துப் பார்க்கலாமா என்று ஆலை மேனேஜரிடம் கேட்டேன். "பாத்துச் சொல்லுங்கம்மா" என்றார். ஆலை விடுமுறை நாளில் தளத்தில் சோதனைக்காக மூன்று பெயர் பதிந்த ஓர் அறையைத் திறந்து வைத்து, சித்தியையும் அவளோடு வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அக்காவையும் ஒரே நொடியில் அழுத்தச் சொன்னேன். இருவருக்குமே இடம் கிடைத்தது. தளம் ஒருவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் இன்னொருவருக்கும் 'இடம் காலி' என்று பதில் போய்விடுகிறது. சரிசெய்யும் வழியோடு அறிக்கை கொடுத்தேன். சான்றாக இருவர் பெயரையும் எழுதினேன்.

"சீசன் முடியட்டும்" என்றார் மேனேஜர்.

இரண்டு வாரத்தில் அதிகாரிகள் சோதனைக்கு வந்தார்கள். சித்தியின் அறையில் ஆறு பேர் இருந்தார்கள். மேனேஜர் என் அறிக்கையை எடுத்து நீட்டினாராம். "இவுக ஒண்ணா அழுத்தி ஏமாத்துறாக சார். எழுத்துலயே இருக்கு." மறுநாள் காலை சித்தியையும் அக்காவையும் எல்லோர் முன்னாலும் வேனிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

நான் மேனேஜரிடம் ஓடினேன்.

"நான் எழுதினது ஓட்டையைப் பத்தி சார். ஆளைப் பத்தி இல்ல."

"பேரை எழுதினது நீங்கதானம்மா? நாங்களா எழுதினோம்?" அவர் சிரித்தபடியே டீ சொல்லி அனுப்பினார். நான் குடிக்கவில்லை.

சித்தி வீட்டுக்குப் போனதும் அவள் வாசலிலேயே மறித்தாள்.

"நீ எழுதிக் குடுத்த மறுநாள்ல இருந்து போர்மேன் ரூமுக்கு ஆள் கூட்டணும்னு எங்களை வேனுக்கு முன்னால வரிசையா நிறுத்தி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லி ஒண்ணா அழுத்தச் சொன்னாரு. எங்களுக்கு என்ன தெரியும்? நீ சொல்லிக் குடுத்ததுன்னுல்ல நெனச்சோம்."

அதுவரை தற்செயலாக எப்போதாவது நடந்ததை அன்றாட வேலையாக்கிக் கொடுத்தவள் நான்.

போர்மேன் செய்ததை எழுதி அதிகாரிகளுக்கு மனு அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆலையில் அதே பதிவுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சித்தி இப்போது விஸ்வநத்தத்தில் வேறு ஆலைக்குப் போகிறாள். போன மாதம் காரியாபட்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சித்தி, நல்லா இருக்கீகளா?"

இலையில் சோறு விழுந்திருந்தது. சித்தி எழுந்து வேறு வரிசைக்குப் போனாள்.