மூட ஓர் இமை கேட்டேன்

“…பிள்ளை பெத்த தீட்டைக் கண்ணுல வச்சித் தச்சிக்கிட்டு பால்குடம் தூக்கப் போறீங்களா மதினி? கோயில் காரியம், பார்த்துச் செய்ங்க!”

சித்திரைத் திருவிழாக் காலையில், ஆற்றங்கரையில், எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள் பாக்கியம். என் வீட்டுக்காரரின் தங்கை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வரிசையிலேயே அடுத்த வீடு. பிள்ளை பிறந்த வீட்டார் தீட்டுக் கழியும்வரை கோயில் படி ஏறக்கூடாது என்பதில் ரொம்பக் கண்டிப்பு. நாத்தனார்தான் குடத்தைத் தலையில் ஏற்றிவிட வேண்டும். அது எங்கள் குடும்ப வழக்கம். என் குடம் தரையிலேயே இருந்தது.

அந்தக் குடத்தின் கதையைக் கேளுங்கள், அம்மனை நம்புகிற என் சொந்தங்களே.

போன வருஷம், பொங்கல் கழிந்த சமயம். பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தோம். சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பல்லால் கடித்து இழுத்தேன். பீய்ச்சியடித்து இடது கண்ணில் விழுந்தது. நெருப்பு! தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் முந்தானையால் தேய்த்தேன். புண் ஆறும்போது மேல் இமை சுருங்கி, உள்பக்கம் கண்ணோடு ஒட்டிக்கொண்டது. மூடவே முடியவில்லை. கண் இப்படியே காய்ந்தால் பார்வை போய்விடும் என்றார்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில்.

“தூங்கும்போதும் என்னையே பார்க்கிறியே, உனக்குக் கங்காணி வேலை குடுத்திட்டாங்களா?” என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுவார்.

தீபாராதனையில் எல்லாரும் கண்மூடி நிற்க, நான் மட்டும் ஒரு கண் திறந்தபடி நிற்பேன். ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். “ஆத்தா, அழகு வேணாம். உன்னைக் கும்பிட மூடுறதுக்கு ஒரு இமை குடு. பால்குடம் எடுக்கிறேன்.”

அந்த மாதமே கண்டியில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். சிங்களவர். தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்: “ஒரு அம்மாவுக்கு ஆபரேசன் செஞ்சி பிள்ளை எடுத்தது. வயித்துக்குள்ள பிள்ளையைச் சுத்தி இருந்த மெல்லிசு தோல், அந்த அம்மா சந்தோசமா குடுத்தாங்க. சோதிச்சி, சுத்தம் செஞ்சி வச்சிருக்கு. ஒட்டினதைப் பிரிச்சி, இமைக்கு உள்ள அதை வச்சித் தைக்கிறது. பயம் வேணாம்.”

எனக்குச் சிலிர்த்தது. ஆத்தாளிடம் கேட்டதற்கு, முகம் தெரியாத ஒரு தாய் கொடுத்து வைத்திருக்கிறாள்! அவள் எந்தச் சாதி, எந்த மதம், யாருக்குத் தெரியும்?

கட்டுப் பிரித்த சில வாரங்களில் இமை விழுந்தது, எழுந்தது. முன்போல முழுப் பார்வை இல்லைதான். ஆனால் கண் தப்பியது. தூங்குகிறேன். கொழுந்து எடுக்கிறேன். கேட்க வெட்கப்படாதீர்கள், சொந்தங்களே. சின்னதாகக் கேட்டாலும் ஆத்தா காதில் விழும். எந்தக் கை வழியாக வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆற்றங்கரையில் பாக்கியத்திடம் இதைத்தான் சொன்னேன்.

“ஏ பாக்கியம், அந்தத் தோலுக்குள்ள இருந்துதானே எல்லாரும் வந்தோம்? நீ மட்டும் என்ன, கொழுந்துக் கூடையிலயா பொறந்த?”

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. குனிந்து குடத்தைத் தூக்கி என் தலையில் வைத்தாள். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணையும் மூடினேன். இடது இமைமேல் ஈர விரல்கள் மெதுவாகப் பட்டன.

திறந்து பார்த்தேன். பாக்கியம் அந்த விரல்களைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.