ஒரு கையால் திறக்கும் கத்தி

தீவன ஆலையில் அண்ணன் தம்பி இருவரையும் பெரிசு, சின்னது என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். மூட்டையைக் கலவைத் தொட்டியின் விளிம்பில் சாய்த்துப் பிடிப்பது பெரிசு. தையலை அறுப்பது சின்னது. அறுத்துக்கொண்டே ஓயாமல் பேசுவதும் சின்னதுதான். பெரிசு 'ம்' கொட்டினால் போதும். கல்யாணம், குழந்தை என்று எதுவும் அமையாத பெரிசுக்கு அந்தப் பேச்சுதான் வீடு வாசல் எல்லாம்.

போன மாதம் தம்பி, மகள் வேலை பார்க்கும் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டான்.

தனியாக மூட்டையோடு நின்றபோதுதான் சிக்கல் புரிந்தது. தம்பி விட்டுப்போன மடக்குக் கத்தியைத் திறக்க இரண்டு கையும் வேண்டும். திறந்தபடியே இடுப்பில் செருகிக்கொள்ளவா முடியும்? முதல் நாளே மூட்டை சரிந்து காலில் விழுந்தது. தரையெல்லாம் தவிடு.

கட்டைவிரலால் தள்ளினாலே திறக்கும் மடக்குக் கத்தி ஒன்றை வாங்கிவந்தார். புதுசு அல்லவா, முரண்டு பிடித்தது. அலகில் இருந்த குமிழைத் தள்ளித் தள்ளி விரல்தோல் உரிந்ததுதான் மிச்சம். மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருந்த குட்டித் திருப்புளியால் அச்சுத் திருகைத் தளர்த்தினார். அலகு இப்படியும் அப்படியும் ஆடியது. இறுக்கினால் அசையவே மாட்டேன் என்றது. கடைசியில் மயிரிழை அளவு தளர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கட்டிலில் உட்கார்ந்து திறந்தார், மூடினார். கருப்பாகக் கசிந்ததைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தார். டக், டக். அறையில் வேறு சத்தமே இல்லை.

தம்பி போன் செய்தான்.

"சாப்ட்டியாண்ணே? என்ன அது, டக்கு டக்குன்னு?"

"கதவுடா. காத்துல அடிக்குது."

கத்தி வாங்கியதைச் சொல்ல மனம் வரவில்லை. தம்பியின் இடத்தில் வேறு யாரையோ உட்கார வைத்துவிட்டது போல இருந்தது.

பழக்கப் பழக்கத் திருகு தானாகவே கழன்றுவந்தது. நகப்பூச்சு துளி வைத்தால் பிடித்துக்கொள்ளும் என்றார் பட்டறைக்காரர். வளையல் கடைக்குப் போய்க் கேட்டார்.

"எந்தக் கலருண்ணா? வீட்ல யாருக்கு?" என்றாள் கடைக்காரப் பெண்.

"கத்திக்கும்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கு அவரிடம் முகம் கொடுத்துப் பேசியது அவள் ஒருத்திதான்.

அடுத்த வாரம் தொட்டியடியில் கட்டைவிரல் லேசாகத் தள்ளியதுமே அலகு வழுக்கிக்கொண்டு வந்து பூட்டில் உட்கார்ந்தது. இடது கை மூட்டையை விடவே இல்லை. தையல் பிரிந்து தவிடு கொட்டியது. யாரிடமாவது காட்டவேண்டும் போலிருந்தது. திரும்பினால், பின்னால் மேஸ்திரி.

"அடேங்கப்பா, பின்றீங்களே பெரிசு! உங்களுக்கு ஜோடியா நாளைக்கு ஒருத்தர வரச் சொல்லியிருந்தேன். இனிமே எதுக்கு? அவர லோடு ஏத்துற பக்கம் அனுப்பிடறேன்."

பெரிசு அவசரமாகக் கத்தியை மடக்கினார்.

"இல்ல மேஸ்திரி... ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும்."

"எதுக்கு? அதான் ஒத்தக் கையிலயே முடிக்கிறீங்களே."

"பேச்சுத்துணைக்கு."

மேஸ்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நீங்களா? நீங்க நாலு வார்த்த சேந்தாப்ல பேசி நான் பாத்ததே இல்லையே!" முதுகில் செல்லமாகத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

பெரிசும் சிரித்துவைத்தார். அடுத்த மூட்டையை எடுத்துச் சாய்த்தார். கத்தி சொன்னபடி கேட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே மூட்டையெல்லாம் தீர்ந்துபோய்விட்டது. காலியான சாக்குகளை மடித்து அடுக்கினார். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.